முக்காலுக்குள் எத்தனை அரைக்கால்? கல்வி பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: 'கல்வி', 'பயிற்சி' என்ற இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். உண்மையிலேயே இரண்டும் வேறா?

வேறுதான். ஆனால் பாடத்தின் பெயரை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. தச்சு என்றால் பயிற்சி, தத்துவம் என்றால் கல்வி என்பது கைவேலையைக் கீழே வைத்துப் பார்த்த பழக்கத்தின் மிச்சம். மரம் ரேகையின் நீளவாக்கில் அதிகம் விரியாது, குறுக்குவாக்கில் விரியும். இதைப் புரிந்துகொண்டு கதவுச் சட்டத்தில் இடைவெளி விடுகிற தச்சர் கல்வி பெற்றவர். ஐந்து மதிப்பெண் வினாவுக்குத் தத்துவ விடையை வரி பிசகாமல் எழுதிவிட்டு, 'இதை யாராவது மறுக்க முடியுமா?' என்று கேட்டால் விழிப்பவர் பயிற்சி மட்டும் பெற்றவர்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 3/4 ÷ 1/8. 'இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்ற விதியின்படி 6 வரும். முக்காலை வகுத்தால் எப்படி ஆறாகப் பெருகியது என்று கேட்டால் பலர் விதியையே திரும்பச் சொல்வார்கள். அதையே 'முக்காலுக்குள் எத்தனை அரைக்கால்?' என்று கேட்டுப் பாருங்கள். அரைக்கால் என்றால் காலில் பாதி. ஒரு காலுக்குள் இரண்டு இருக்கும், மூன்று காலுக்குள் ஆறு. காரணம் தெரிந்தவருக்கு விதி மறந்தாலும் பெரிய நஷ்டமில்லை, அவரே அதை மறுபடி உண்டாக்கிக்கொள்வார்.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஆர். எஸ். பீட்டர்ஸ் 1966இல் வெளியிட்ட நூலில் கல்விக்கு மூன்று நிபந்தனைகள் சொன்னார். கற்பிப்பது மதிப்புள்ளதாக இருக்க வேண்டும். கற்றவரிடம் வெறும் தகவலாகத் தங்காமல் புரிதலாக மாற வேண்டும். கற்பவரின் அறிவையும் விருப்பத்தையும் ஓரங்கட்டிவிட்டுத் திணிக்கும் முறை கூடாது. முதல் நிபந்தனை வழுக்கலானது. எது மதிப்புள்ளது என்று யார் சொல்வது என்று கேட்டவர்களுக்கு அவரால் திருப்தியான பதில் தர முடியவில்லை. மற்ற இரண்டும் இன்றும் உறுதியாக நிற்கின்றன. கீழே வரும் பதில்களில் நாங்கள் சாய்வது அவற்றின் பக்கம்தான்.

கேள்வி: தெரியாத ஒன்றை எப்படித் தேட முடியும்? எதைத் தேடுகிறோம் என்றே தெரியாதே! தெரிந்துவிட்டால் தேடவே வேண்டாம். அப்படியானால் கற்றல் என்பதே முரண்பாடு இல்லையா?

இதே கேள்வியைக் கிட்டத்தட்ட இதே சொற்களில் மேனோ என்பவர் சாக்ரடீஸிடம் கேட்பதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். சாக்ரடீஸ் வாதம் செய்து பதில் சொல்லவில்லை. கணக்கு படித்தறியாத ஓர் அடிமைச் சிறுவனைக் கூப்பிட்டுத் தரையில் ஒரு சதுரம் வரைகிறார்.

பக்கம் 2 அடி, பரப்பு 4 சதுர அடி. இதைப் போல இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? சிறுவன் தயங்கவில்லை. பக்கத்தையும் இரட்டிப்பாக்கு, 4 அடி. வரைந்து பார்த்தால் பரப்பு 16. வேண்டியது 8. சரி, இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே 3 அடி என்கிறான். அதில் 9 வருகிறது. இப்போதுதான் அவன் 'எனக்குத் தெரியவில்லை' என்கிறான். சாக்ரடீஸ் அங்கே நிறுத்தி மேனோவிடம், இவன் முன்பைவிட இப்போது மேலான நிலையில் இருக்கிறான், ஏனென்றால் முதலில் தெரியாமலேயே தெரிந்ததாக நினைத்திருந்தான் என்கிறார். பிறகு 2 அடிச் சதுரங்கள் நான்கை ஒட்டி வைத்து, ஒவ்வொன்றிலும் மூலைவிட்டம் போடுகிறார். ஒவ்வொரு மூலைவிட்டமும் 4 சதுர அடியைப் பாதியாக வெட்டும். நான்கு பாதிகள் சேர்ந்து நடுவில் சாய்ந்து நிற்கும் சதுரத்தின் பரப்பு 8. ஆக, கேட்ட பக்கம் மூலைவிட்டம்தான்.

இது முந்தைய பிறவியின் நினைவு என்று பிளேட்டோ விளக்கினார். அதை ஏற்க வேண்டியதில்லை. புதிரை அவிழ்க்க எளிமையான வழி உண்டு. 'தெரிவது', 'தெரியாதது' என்று இரண்டே பெட்டி வைத்ததுதான் மேனோவின் தவறு. சிறுவனுக்கு விடை தெரியாது, ஆனால் வந்த விடை சரியா என்று சோதிக்கத் தெரியும். பதினாறு எட்டல்ல என்று அவனால் எண்ணிச் சொல்ல முடிந்தது. சாவியைப் பார்த்தே இராதவருக்கும், பூட்டு திறந்தால் அதுதான் சாவி என்று தெரியுமே.

இந்தக் காட்சியை வகுப்பறைக்கு மாதிரியாகக் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுவனின் பதில்களில் நிறைய வெறும் 'ஆமாம்'தான், அந்த முக்கியமான மூலைவிட்டத்தை வரைந்ததும் சாக்ரடீஸே. கேள்வி வடிவில் விடையைச் சொல்லிக்கொடுப்பது மிக எளிது. 'ஆகவே இது பாதியாகிறது, இல்லையா?' என்பது கேள்வியே அல்ல. நீங்கள் ஆசிரியர் என்றால் ஒரு பாடவேளையில் கேட்ட கேள்விகளைப் பின்னால் எழுதிப் பாருங்கள். 'ஆமாம்', 'இல்லை' என்று முடிந்துபோனவற்றைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது?

இன்னொன்று, காத்திருத்தல். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஒலிப்பதிவுகளை அளந்து காட்டினார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் வகுப்பின் முன் நிற்பவருக்கு மூன்று நிமிடம் போல இருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள்.

கேள்வி: மனப்பாடம் செய்வது கல்விக்கு எதிரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளைகளை வாய்பாடு ஒப்பிக்கச் சொல்வது தவறா?

தவறில்லை. நெட்டுருவைத் திட்டுபவர்கள் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். காரணத்துக்குப் பதிலாக வரும் மனப்பாடம் கெடுதல். காரணத்துக்குப் பிறகு வரும் மனப்பாடம் பெரும் உதவி. 7×8 என்பது எட்டு ஏழுகளின் கூட்டல் என்று ஒருமுறை அடுக்கிப் பார்த்துவிட்டால், அதன்பின் 56 என்று வாயில் வருவதில் எந்தப் பாதகமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அடுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அடுத்த படியை யோசிக்க மனதில் இடமிருக்காது.

எப்படி மனப்பாடம் செய்கிறோம் என்பதில்தான் கோளாறு. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, பாராமல் மூன்று தடவை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ்: 40க்கு 61. வேடிக்கை என்னவென்றால், நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் முதல் குழுவினர்தான். கண்ணுக்குப் பழகிப்போனதை மனம் 'தெரிந்தது' என்று கணக்கெழுதிக்கொள்கிறது.

செய்முறை இதுதான். பாடத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். வராவிட்டாலும் ஐந்து நிமிடமாவது போராடுங்கள். முட்டும்போதே திறந்து பார்த்துவிட்டால் பயன் போய்விடும். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் நிரப்புங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை இதையே செய்யுங்கள். வேறு மை படிப்படியாகக் குறைய வேண்டும். ஒரே இடத்தில் மூன்று தடவையும் வேறு மை விழுந்தால் அங்கே நினைவைக் குறை சொல்லாதீர்கள், காரணம் புரியவில்லை. அந்த இடத்தை மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நன்னூல் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் சேருமாம். உடன் படிப்பவரோடு பழகுவதில் ஒரு கால். மீதி இரண்டு காலும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வந்து சேரும். அளந்து எடுத்த புள்ளிவிவரம் அல்ல அது. ஆனால் பாதியைக் கற்பவரின் வாயில் வைத்தது கூர்மையான பார்வை.

கேள்வி: எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறது. கட்டுரையைக்கூட இயந்திரமே எழுதித் தருகிறது. இனி எதற்கு எதையும் தலையில் வைத்திருக்க வேண்டும்?

யோசனை தலைக்குள்தான் நடக்கிறது, கைப்பேசிக்குள் அல்ல. சதுரங்க வல்லுநர்களுக்கு உண்மையான ஆட்டத்தின் நிலையைச் சில நொடிகள் காட்டி மூடினால், காய்கள் இருந்த இடங்களைப் பெருமளவு சரியாக வைத்துவிடுவார்கள். காய்களைக் கண்டபடி கொட்டி வைத்துக் காட்டினால் அவர்களும் புதியவர்களும் ஏறக்குறைய ஒன்றுதான். சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு இது. அவர்களுடைய திறமை பொதுவான நினைவாற்றல் அல்ல. உள்ளே சேர்த்து வைத்த ஆயிரக்கணக்கான அமைப்புகள். தலையில் ஒன்றும் இல்லாதவருக்கு என்ன தேடுவது என்றே தோன்றாது, வந்த பதில் அபத்தமா என்றும் தெரியாது.

கட்டுரை விஷயம் இன்னும் எளிது. வகுப்பில் எழுதச் சொல்லும் கட்டுரையால் உலகத்துக்குக் கட்டுரை கிடைக்கவில்லை என்ற குறை தீரப்போவதில்லை. எழுதும்போது எந்த வாக்கியம் முந்தைய வாக்கியத்திலிருந்து வரவில்லை என்று கண்டுபிடிக்கிறோமே, அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் எழுதச் சொல்கிறார்கள். ஆசிரியர் இறுதிப் பிரதியை மட்டும் வாங்கி மதிப்பெண் போட்டால் இயந்திரம் ஜெயிக்கும். முதல் வரைவு, அடித்தல் திருத்தல், 'இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தாய்?' என்று வாய்வழியாக இரண்டு கேள்வி, இவற்றையும் சேர்த்துக்கொண்டால் நிலைமை மாறும்.

கேள்வி: மதிப்பெண் கற்றலை அளக்கிறதா?

அதைத் துரத்தாதவரை ஓரளவு அளக்கும். ஓர் அளவுகோலை வைத்து முடிவுகள் எடுக்க எடுக்க, அது ஊழலுக்கு ஆளாகும், அளக்க வந்த பொருளையும் கெடுக்கும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970களில் எழுதினார். தேர்வு மதிப்பெண்ணையே எடுத்துக்காட்டாகவும் சொன்னார்.

அந்தக் கேடு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன? 1970களின் முடிவில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் இந்த மாதிரிக் கணக்கைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் எண்களைக் கூட்டி 36 போல ஒரு வயதைச் சொன்னார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர். கொடுத்த கணக்குக்கெல்லாம் விடை உண்டு, கொடுத்த எண்களையெல்லாம் பயன்படுத்த வேண்டும், விடை இல்லாமல் தாளைத் தரக் கூடாது என்று பள்ளி சொல்லாமலே கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றவர்கள்.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பத்தில் இரண்டு கேள்விகளையாவது திருகி வையுங்கள். ஒன்றில் தேவையில்லாத ஒரு தகவலைச் சேருங்கள், இன்னொன்றில் தேவையான ஒன்றை எடுத்துவிட்டு 'என்ன குறைகிறது?' என்று கேளுங்கள். தப்பான ஒரு தீர்வை அச்சிட்டு எந்த வரியில் பிசகியது என்று கேட்பது இன்னும் நல்லது. முதல் தடவை வகுப்பே தடுமாறும், பெற்றோர் 'பாடத்தில் இல்லாத கேள்வி' என்பார்கள். அதனால் முன்னறிவிப்பு இல்லாமல் இறுதித் தேர்வில் இதைச் செய்யாதீர்கள். வகுப்புப் பயிற்சியில் பழக்கியபின் செய்யுங்கள்.

கேள்வி: படிப்பது வேலைக்காகவா, வாழ்க்கைக்காகவா?

முதலில், வேலைக்குப் படிப்பு உதவுகிறது என்பதிலேயே இரண்டு கட்சி இருக்கிறது. படிப்பு ஆளின் திறனை உயர்த்துகிறது, அதனால் கூலி உயர்கிறது என்றார் பொருளியலாளர் கேரி பெக்கர் (1964). படிப்பு திறனை உயர்த்தவே வேண்டியதில்லை என்பது மற்றக் கட்சி. ஏற்கெனவே திறமை உள்ளவருக்குப் படித்து முடிப்பது எளிது என்பதால், சான்றிதழ் அதை வேலை கொடுப்பவருக்கு அடையாளம் காட்டினாலே போதும் என்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் மாதிரி அமைத்துக் காட்டினார். நடப்பில் இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன.

உங்கள் விஷயத்தில் எது எவ்வளவு என்று அறிய ஒரு கேள்வி போதும். நீங்கள் படித்து முடித்த அன்று அத்தனை பதிவேடுகளும் எரிந்துபோய், சான்றிதழ் கிடைக்காது என்றாகிவிட்டது. அந்தப் படிப்பில் எந்தப் பாடங்களுக்காக 'பரவாயில்லை, படித்ததே லாபம்' என்பீர்கள்? ஒன்றுமே தேறவில்லை என்றால் நீங்கள் வாங்குவது முத்திரை மட்டும். அது பாவமில்லை. ஆனால் முத்திரைக்கு ஒரு குணம் உண்டு, எல்லோரும் வாங்கினால் மதிப்புக் குறையும். புரிதலுக்கு அந்தத் தொல்லை இல்லை. உங்கள் அண்டை வீட்டாருக்கும் பின்னம் புரிவதால் உங்கள் பின்னம் மங்குவதில்லை.

கேள்வி: படித்தால் பரிசு என்று பிள்ளையிடம் சொல்லலாமா?

ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குச் சொல்லாதீர்கள். படம் வரைவதை விரும்பும் மழலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள் (லெப்பர், கிரீன், நிஸ்பெட், 1973). ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தாமாக விளையாடும் நேரத்தில் அவர்கள் வரைந்தது மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதி. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. எனவே கெடுப்பது பரிசு என்ற பொருள் அல்ல, 'இதற்காகத்தான் செய்கிறேன்' என்று மாறிப்போகும் காரணம். ஆர்வமே இல்லாத, ஆனால் செய்தாக வேண்டிய வேலைக்குத் தொடக்கத்தில் சின்னப் பரிசு வைப்பதில் பெரிய கெடுதல் இல்லை.

கேள்வி: நற்பண்புகளைக் கற்பிப்பதும் ஒருவகை மூளைச்சலவைதானே? இரண்டுக்கும் கோடு எங்கே?

கோடு எங்கே என்பதில் தத்துவ அறிஞர்கள் நான்கு இடங்களைச் சோதித்திருக்கிறார்கள். என்ன கற்பிக்கிறோம் என்பதா, எந்த முறையிலா, என்ன நோக்கத்திலா, என்ன விளைவிலா? உள்ளடக்கத்தை வைத்துப் பிரிக்க முடியாது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதைக்கூட, 'கேள்வி கேட்டால் அடி' என்று சொல்லிக்கொடுத்தால் அது திணிப்புதான். நோக்கத்தை மட்டும் பார்த்தாலும் போதாது, திணிப்பவர்களில் பலருக்கு நல்ல எண்ணம்தான். எங்கள் தீர்ப்பில் விளைவே முதல் அடையாளம்: கற்றவர் எதிர்ச் சான்றைச் சந்திக்கும்போது என்ன செய்கிறார்? எடைபோட்டுப் பார்க்கிறாரா, அல்லது சான்று கொண்டுவந்தவரின் யோக்கியதையைத் தேடுகிறாரா?

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு வயதுப் பிள்ளையிடம் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நேர்மையான செயல்களைச் செய்து செய்துதான் நேர்மையாளர் ஆகிறோம் என்று அரிஸ்டாட்டில் சொன்னது சரி; பழக்கம் முன்னே வரும், காரணம் பின்னே வரும். பின்னே வருகிறதா என்பதுதான் கேள்வி. 'அடுத்தவர் பொருளை எடுக்காதே' என்று மூன்று வயதில் சொன்னால் போதும். ஏழு வயதில் 'உன் பொருளை யாராவது எடுத்தால்?' என்று கேட்க வேண்டும். பதின்மூன்றில் 'பசியால் சாகக் கிடப்பவன் எடுத்தால்?' என்பதை அவர்களே கேட்பார்கள். அப்போது 'அதிகப்பிரசங்கி' என்று அடக்கினால் பத்தாண்டுப் பழக்கமும் வெறும் பணிவாகச் சுருங்கிவிடும். விதிவிலக்கைக் கேட்கும் பிள்ளை விதியை உடைக்க வரவில்லை, அது எதன்மேல் நிற்கிறது என்று தட்டிப் பார்க்கிறது.

கேள்வி: பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கா, அரசுக்கா?

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 26ஆம் பிரிவைப் படித்தால் இந்த இழுபறி அங்கேயே தெரியும். முதல் பகுதியில் தொடக்கக் கல்வி கட்டாயம் என்கிறது. எவ்வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கு என்று முடிகிறது. நடுவே ஆளுமையின் முழு வளர்ச்சி என்று பிள்ளைக்காக ஒரு வரி. நாங்கள் அந்த நடுவரியைப் பிடித்துக்கொள்வோம். பெற்றோரின் தேர்வாகட்டும், அரசின் தேர்வாகட்டும், பிள்ளை பெரியவரானபின் திரும்ப முடியாதபடி கதவை மூடுகிறதா என்று பாருங்கள். எழுத்தறிவு, எண்ணறிவு, வீட்டு நம்பிக்கைக்கு வெளியே வேறு வாழ்க்கைகளும் உண்டு என்ற அறிமுகம், இந்த மூன்றையும் மறுக்கும் உரிமை இருவருக்குமே இல்லை. மற்றவற்றில் பெற்றோருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

கேள்வி: பள்ளியையே ஒழித்துவிட்டால்?

சமூக விமர்சகர் இவான் இல்லிச் 1971இல் அதைத்தான் கேட்டார். கற்க விரும்புபவரையும் கற்பிக்க வல்லவரையும் இணைக்கும் வலைகள் போதும் என்றார். வலை வந்துவிட்டது. ஆனால் இலவச இணையப் படிப்புகளின் தொடக்க ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். அதாவது, பள்ளி இல்லாமலே கற்கும் வழியை அதிகம் பயன்படுத்தியவர்கள் பள்ளி முடித்தவர்கள்தான்.

கேள்வி: 'இது எதற்குப் பயன்படும்?' என்று மாணவர் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வது?

எந்த நேரத்தில் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். கணக்கு பாதியில் முட்டி நிற்கும்போது கேட்டால், அதன் பொருள் 'எனக்குப் புரியவில்லை'. பயனைப் பற்றிப் பேசாமல் இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். நன்றாகச் செய்துகொண்டிருப்பவர் கேட்டால் உண்மையாகவே கேட்கிறார், அவருக்கு உண்மையான பதில் வேண்டும். 'பின்னால் உதவும்' என்பது பதிலல்ல. எந்தப் பாடத்தில், எந்த வேலையில், எப்படி என்று ஒன்றையாவது காட்டுங்கள். பயன் ஒன்றுமில்லை, அழகுக்காகத்தான் என்றால் அந்த அழகு தெரிகிற இடத்தைக் காட்டுங்கள். பாடத்திட்டத்தில் இருப்பதால்தான் நடத்துகிறீர்கள் என்றால் அதையே சொல்லிவிடலாம். அதுவும் ஒரு காரணம்தான், கொஞ்சம் நோஞ்சான் காரணம். அது எவ்வளவு நோஞ்சான் என்பதை அவரே எடைபோட்டுக்கொள்வார்.